மோஸ்தார்: கல்லால் கட்டிய பாலமும் கட்டப்படாத பாலமும்

பூமியில் பயணம் செய்து, முன் சென்றோரின் நிலையைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை நம்மைத் தூண்டுகிறது. பயணம் என்றாலே கடைவீதியும் புகைப்படமும் என்றாகிவிட்ட இந்நாளில், பார்த்துத் திரும்புவோர் உள்ளத்தில் ஒரு கேள்வியை விதைத்து அனுப்பும் நதிக்கரை நகரம் ஒன்றை இம்மாதம் காண்போம்.

ஐரோப்பாவின் தென்கிழக்கில், போஸ்னியா-ஹெர்சகோவினா நாட்டில், நெரெத்வா நதியின் கரையில் உள்ளது மோஸ்தார். தலைநகர் சராஜீவோவிலிருந்து மலைகளையும் நதியையும் ஒட்டியே இரயில் பாதை செல்கிறது. பாலத்தைக் காவல் காத்தவர்களுக்கு 'மோஸ்தாரி' என்று பெயர். அவர்களாலேயே ஊர் இப்பெயர் பெற்றது.

முன்பு இங்கே சங்கிலிகளில் தொங்கிய மரப்பாலம் ஒன்றே இருந்தது. மக்கள் அஞ்சி அஞ்சியே அதனைக் கடந்தனர். உதுமானியப் பேரரசர் சுல்தான் சுலைமான் காலத்தில் கற்பாலம் கட்ட ஆணை பிறந்தது. புகழ்பெற்ற சிற்பி சினானின் மாணவரான மிமார் ஹைருத்தீன் அப்பணியை ஏற்றார். ஹிஜ்ரி 974-இல், அதாவது கி.பி. 1566-இல் பாலம் நிறைவுற்றது. நடுவே தூண் ஏதுமின்றிக் கரைக்குக் கரை ஒரே வளைவு. அகலம் சுமார் 4 மீட்டர். அப்பகுதியில் கிடைக்கும் 'தெனெலியா' என்னும் வெளிறிய கற்களை இரும்புப் பற்றுகளாலும் உருக்கி ஊற்றிய ஈயத்தாலும் பிணைத்தனர். அப்பிணைப்பு நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்றது.

1992-இல் போர் மூண்டது. முதலில் மோஸ்தாரின் முஸ்லிம்களும் குரோவாசியரும் தோளோடு தோள் நின்று நகரைக் காத்தனர். மறு ஆண்டே அவ்விரு சாராரும் ஒருவரையொருவர் எதிர்த்துப் போரிட்டனர். முற்றுகையில் சிக்கிய மக்கள் உயிரைப் பணயம் வைத்துப் பாலத்தைக் கடந்தனர். குண்டுச் சிதறல்களுக்குத் தடுப்பாக அதன்மேல் பலகைகளாலும் தகரத்தாலும் கூரை வேய்ந்தனர். 1993 நவம்பர் 9 அன்று, குரோவாசியப் படையினரின் பீரங்கிக் குண்டுகளால் பாலம் இடிந்து நதியில் வீழ்ந்தது.

போர் ஓய்ந்தபின் உலக நாடுகள் பலவும் யுனெஸ்கோவும் உலக வங்கியும் கைகொடுத்தன. வீழ்ந்த கற்களை நீரிலிருந்து மீட்டனர். ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை மீண்டும் பயன்படுத்தும் நிலையில் இல்லை. எனவே அதே வகைக் கல்லை வெட்டியெடுத்து, பழைய முறையிலேயே செதுக்கிக் கட்டினர். 2004 ஜூலை 23 அன்று பாலம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது இடம்பெற்றது.

இங்கு செல்வோர் பாலத்தோடு நின்றுவிடலாகாது. 1557-இல் எழுந்த கராஜோஸ் பேக் பள்ளிவாசலும், நதியை எட்டிப் பார்க்கும் கோஸ்கி மெஹ்மத் பாஷா பள்ளிவாசலும் போரில் சிதைந்து, பின்னர் செப்பனிடப்பட்டவை. பின்னதன் மினாராவில் ஏறினால் பாலமும் பழைய கடைத்தெருவும் ஒருசேரத் தெரியும். அத்தெருவில் செம்புத் தகட்டில் சித்திர வேலை செய்வோரின் சுத்தியல் ஓசை கேட்கும். கோடையில் இளைஞர்கள் பாலத்தின் உச்சியிலிருந்து குளிர்ந்த நீரில் குதிப்பதும் நெடுநாளைய வழக்கம். பாலத்தருகே ஒரு கல்லில், '93-ஐ மறவாதே' என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டுள்ளது.

கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒன்றும் அங்கே உண்டு. நகரை இன்று பிரிப்பது நதியன்று. நதிக்கு மேற்கே போர்முனையாக இருந்த அகன்ற சாலைதான் அந்த எல்லை. சாலைக்கு அப்பால் பெரும்பாலும் குரோவாசியர். இப்பால் பெரும்பாலும் முஸ்லிம்கள். ஒரே பள்ளிக் கட்டடத்திலும் இரு சாரார் பிள்ளைகளும் வெவ்வேறு பாடத்திட்டத்தில் பயில்கின்றனர். தலைவர்கள் உடன்படாததால் 2008-க்குப் பின் நகரசபைத் தேர்தல் நடைபெறவில்லை. 12 ஆண்டுகள் கழித்து 2020 டிசம்பரில்தான் நடந்தது. நதியின் மேல் பாலத்தைச் சில ஆண்டுகளில் கட்ட முடிந்தது. சாலையைக் கடந்து அண்டை வீட்டாரிடம் செல்லும் பாதையோ இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை.

பெற்றோர்களே! பழம்பெரும் சின்னங்களைக் காட்டப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, கட்டியவர் யார், எந்த ஆண்டு என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதனை இடித்த பகை எப்படி வளர்ந்தது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். மோஸ்தாரில் பகைத்துக்கொண்டவர்கள் அயலவர் அல்லர். ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே பாலத்தில் நடந்தவர்கள். அண்டை வீட்டாரோடு பேச்சு நின்றுபோன வீடு நம் தெருவிலும் இருக்கக்கூடும். முதல் ஸலாமை, முதல் நலம் விசாரிப்பை நாமே தொடங்கினால், அப்பயணத்தின் பயன் நம் வாசலிலேயே கிட்டிவிடும்.