ஆங்கிலேயன் தொலைத்த 'நீ'

"இங்கிலீஷ்தான் சார் சமத்துவமான மொழி. முதலாளிக்கும் 'யூ', வாட்ச்மேனுக்கும் 'யூ'. நம்ம தமிழ்ல பாருங்க... நீ, நீர், நீங்கள், தாங்கள்னு நாலு படிக்கட்டு!"

போன வாரம் டீக்கடையில் ஒரு நண்பர் இப்படி அடித்து விட்டார். நீங்களும் இதைப் பல பேர் சொல்லிக் கேட்டிருப்பீங்க. எனக்கென்னவோ இது பாதி உண்மை என்றுதான் தோணுது. ஏன்னா ஆங்கிலத்திலும் ஒரு 'நீ' இருந்தது. அதன் பெயர் 'தௌ'. ஸ்கூல்ல ஷேக்ஸ்பியர் பாடத்தில் வந்தப்போ, "அது பழைய இங்கிலீஷ்டா" என்று வாத்தியார் தாண்டிப் போனாரே, அதே வார்த்தைதான்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் கணக்கு ரொம்ப சுலபம். ஒருத்தர் என்றால் 'தௌ' (அப்போது உச்சரிப்பு 'தூ'), பல பேர் என்றால் 'யீ'. 'யூ' என்பது அந்த 'யீ'க்கு உருபு சேர்ந்த வடிவம், நம்ம 'உங்களை' மாதிரி. மரியாதைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. 1066-ல் நார்மன்காரர்கள் வந்து, பிரெஞ்சு பேசுறவங்க மேல் நாற்காலியில் உட்கார்ந்தாங்க. பெரிய மனுஷனைப் பன்மையில் அழைக்கிற பிரெஞ்சு வழக்கம் 13-ம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கும் தொத்திக்கிச்சு. பன்மையான 'நீங்கள்'ஐ ஒரே ஆளுக்கு மரியாதையாக நாம கொடுக்கிறோமே, அதே டெக்னிக்.

அதுக்கப்புறம் 'தௌ'வுக்கு ரெண்டு முகம் வந்துடுச்சு. குழந்தையிடமும் காதலியிடமும் சொன்னால் நெருக்கம். வேலைக்காரனிடம் சொன்னால் இளக்காரம், சமமான ஆளிடம் வீசினால் அவமானம். 1603-ல் வால்டர் ராலே மீது நடந்த ராஜதுரோக வழக்கில், அரசுத் தரப்பு வக்கீல் எட்வர்ட் கோக் அவரை வேண்டுமென்றே 'தௌ' போட்டுக் கேவலப்படுத்தினார். ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்திலும் சண்டைக்கு அழைக்கும் கடிதத்தில் எதிராளியை மூணு தடவை 'தௌ' போடச் சொல்லி ஒரு ஐடியா வரும்.

இந்த இடத்தில்தான் க்வேக்கர்கள் வர்றாங்க. ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவர் தொடங்கிய கிறிஸ்தவப் பிரிவு. "கடவுள் முன்னால எல்லாரும் சமம், ஒத்தை ஆளைப் பன்மையில் அழைப்பது முகஸ்துதி" என்று சொல்லி, 1650-களில் நீதிபதிக்கும் 'தௌ', பிரபுவுக்கும் 'தௌ'. சும்மா விடுவாங்களா? அடி வாங்கினாங்க. அசரலையே! 1660-ல் ஒருமை, பன்மை இலக்கணத்தைப் பல மொழிகளிலிருந்து எடுத்துக்காட்டி ஒரு புத்தகமே போட்டார்கள். பின்னாளில் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தபோது, கடற்படைத் தளபதியான அவர் அப்பா கெஞ்சினாராம்: யாரை வேணா 'தௌ' போட்டுக்கோ, ராஜா, ராஜாவோட தம்பி, நான், இந்த மூணு பேரை மட்டும் விட்டுடு! (அப்பாக்கள் எல்லா ஊரிலும் அப்பாக்கள்தான் :-))

கடைசியில் ஜெயிச்சது ஃபாக்ஸ் இல்லை. யாரை 'தௌ' போட்டால் வம்பு வரும் என்று தெரியாத ஊரில், எல்லாரையும் 'யூ' போட்டுவிடுவது பத்திரம். பொதுப் பேச்சில் 'தௌ' செத்தது. யார்க்‌ஷயர் மாதிரி சில வட்டாரங்களில் மட்டும் உயிர் ஒட்டிக்கிட்டு இருந்தது. ஆக, இங்கிலீஷ்காரன் எல்லாரையும் 'நீ'க்கு இறக்கவில்லை, 'நீங்கள்'க்கு ஏற்றிவிட்டான். அதுவும் கொள்கையால் அல்ல, பெரும்பாலும் ஜாக்கிரதை உணர்ச்சியால் என்பது என் கட்சி.

இன்னொரு கூத்தும் உண்டு. 1611-ன் கிங் ஜேம்ஸ் பைபிளில் ஒருமை என்றால் 'தௌ'. கடவுளுக்கும் அதுதான், சாத்தானுக்கும் அதுதான். பேச்சில் அது மறைந்த பிறகு ஜெபத்தில் மட்டும் நிலைத்ததால், ஏதோ ராஜமரியாதைச் சொல் போலத் தோண ஆரம்பிச்சது. 1952-ல் வந்த திருத்திய பைபிளில் மனுஷனுக்கெல்லாம் 'யூ' ஆக்கிவிட்டு, கடவுளை அழைக்கும்போது மட்டும் 'தௌ'வை வைத்தார்கள். 1980-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் டார்த் வேடர் தன் சக்கரவர்த்தியிடம் பணிவு காட்டப் பயன்படுத்துவதும் இதே குடும்பத்துச் சொல்தான். மடியில் உட்காரவைத்த சொல்லை சிம்மாசனத்தில் ஏற்றிவிட்டார்கள்!

நாம முருகனை 'நீ' என்கிறோம். பல வீடுகளில் அப்பா 'நீங்க', அம்மா 'நீ'. அது மரியாதைக் குறைவா? இல்லையே, நெருக்கம். அந்த நெருக்கத்தைச் சொல்ல இங்கிலீஷ்காரனிடம் இன்றைக்கு ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. சமத்துவத்துக்காக நாமும் நம்ம 'நீ'யைக் கொல்ல வேண்டாம்.

ஆனா நண்பர் சொன்னதில் மீதிப் பாதி உண்மையும் இருக்கே. அறுபது வயசு ஆட்டோக்காரரிடம், வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவிடம் நாம சொல்ற 'நீ' எந்த 'நீ'? அம்மாவிடம் சொல்ற 'நீ'யா, ராலேக்குக் கிடைச்ச 'நீ'யா? உரிமை இல்லாத இடத்தில் 'நீங்க' போட்டால் போதும். அதுக்கு மொழியை மாத்த வேண்டாம், வாயை மாத்தினால் போதும்.

நாளைக்கு ஆட்டோ ஏறும்போது நானும் இதை ஞாபகம் வெச்சுக்கணும்.