பிரேக் வால்வு விற்பனையில் நமக்குள்ள பொறுப்பு

உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சிறு உருப்படி. ஒரு பக்கம் பிரேக் குழாய் நுழைகிறது, மறுபக்கம் வெளியேறுகிறது, தலையில் கையால் திருகும் ஒரு குமிழ். புரொபோர்ஷனிங் வால்வு என்பது அதன் பெயர். கடையில் 'பின் பிரேக் வால்வு' என்று கேட்டாலே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். பழைய ஜீப்பில் முன் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் மாட்டுகிறவர்கள் இதைத் தேடி வருகிறார்கள். எடுத்துக் கொடுத்து, காசை வாங்கிக் கல்லாவில் போடுவதோடு நம் வேலை முடிந்ததா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

எழுதுகிற நாங்கள் உதிரிபாகம் விற்பவர்கள். படிக்கிற வணிகப் பெருமக்களில் பலர் அந்த ஜீப்புகளின் சொந்தக்காரர்கள். ஏலக்காய் வாங்குகிறவர்கள், உரக்கடை வைத்திருப்போர், மலைமேல் கடைகளுக்கு அரிசியும் பருப்பும் அனுப்பும் மளிகை மொத்த வணிகர்கள் என்று பட்டியல் நீளும். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அந்தச் சாலையில் இன்றும் சரக்கும் ஆளும் ஏற்றிப் போகிற ஜீப்புகளில் பல 20, 30 வயதைக் கடந்தவை. ஆகவே விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

முதலில் இந்த வால்வு என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஓடுகிற வண்டியில் பிரேக்கை அழுத்தினால் பாரம் முன்னே சாய்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவருக்கு இது தெரியும். முன் சக்கரம் கனக்கிறது, பின் சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரம் சுழலாமல் பிடித்துக்கொண்டு இழுபட ஆரம்பித்தால் அதற்குப் பக்கவாட்டுப் பிடிமானமும் போய்விடும். பிறகு வண்டியின் பின்புறம் வீசும். முன் சக்கரம் முதலில் பிடித்துக்கொண்டால் ஸ்டீயரிங்குக்கு வண்டி கட்டுப்படாது, ஆனால் நேராகவாவது போகும். காலை எடுத்தால் திரும்பவும் கட்டுப்படும். பின் சக்கரம் முதலில் பிடித்துக்கொண்டால் வண்டி தானே திரும்பிக்கொள்ளும். ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமான சாலையில் இவ்விரண்டில் எது பரவாயில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

வணிகர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள், ஒரு கணக்குப் போடுவோம். ஜீப்பின் எடை 1,200 கிலோ, முன்னே 600, பின்னே 600 என்று வைத்துக்கொள்வோம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 200 செ.மீ.; பாரத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 70 செ.மீ. உயரம். அவசரத்துக்கு ஓங்கி பிரேக் போட்டால், அதன் வேகம் புவியீர்ப்பில் பத்தில் ஆறு பங்கு என்றால், 252 கிலோ முன்னே நகர்ந்துவிடும். பின் அச்சில் மிச்சம் 348. சாலை பத்துக்கு ஒன்று சரிவாக இறங்கினால் இன்னும் 42 கிலோ முன்னே போய் 306 ஆகும். ஜீப் குட்டையான, உயரமான வண்டி. அதனால்தான் நீளமான காரைவிட இதில் இந்த நகர்வு அதிகம்.

இனி அதே ஜீப்பின் பின் அச்சுக்கு மேலே 400 கிலோ மூட்டை ஏற்றுங்கள். பின் அச்சில் 1,000 கிலோ. நடுப்புள்ளி 80 செ.மீ.க்கு ஏறும். அதே பிரேக்கில் 384 கிலோ முன்னே நகர்ந்தாலும் பின்னே 616 மிஞ்சும். காலி வண்டியில் 348, பாரவண்டியில் 616. ஏறத்தாழ இரண்டு மடங்கு! இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் விவகாரம் முழுவதும் இவற்றில்தான் இருக்கிறது.

வால்வு பின் சக்கரங்களுக்குப் போகும் குழாயில் மட்டும் உட்காருகிறது. குறிப்பிட்ட அழுத்தம் வரை அது ஒன்றும் செய்யாது. அதைத் தாண்டியதும் பின்னே ஏறும் அழுத்தத்தைக் குறைத்து விடும். குமிழை 400 பி.எஸ்.ஐ.யில் வைத்தால், முன்னே 1,000 ஏறும்போது பின்னே 660 அளவில் நிற்கும். இது ஒரு வகை வால்வின் கணக்கு. மற்றவற்றில் எண்கள் சற்று மாறும். குமிழ் மாற்றுவது எந்த அழுத்தத்தில் குறைப்பு தொடங்குகிறது என்பதை மட்டுமே. குறைக்கும் விகிதம் தயாரிப்பிலேயே நிலைத்தது. குமிழை முழுக்கத் திருகினால் பின் பிரேக்கே நின்றுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

நான்கு சக்கரத்திலும் டிரம் இருந்த காலத்தில் இது தேவைப்படவில்லை. டிரம்முக்குள் லைனிங் தானாகவே இறுக்கிக்கொள்ளும் குணம் உண்டு, டிஸ்க்குக்கு அது கிடையாது. டிஸ்க் அதிக அழுத்தம் கேட்கும். அந்த அழுத்தத்தைக் கொடுக்க பூஸ்டர் மாட்டினால், அதே அழுத்தம் பின் டிரம்மையும் ஓங்கிப் பிடிக்கிறது. ஆகவே முன்னே டிஸ்க், பின்னே டிரம் என்று மாற்றிய வண்டிக்கு இந்த வால்வு வேண்டியதுதான். அதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. டிஸ்க்குக்கு மாறுவதிலும் நன்மை உண்டு: நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறிப் பிடி இளகுவதுபோல் டிஸ்க் எளிதில் இளகாது, ஓடையைக் கடந்து ஏறியதும் ஈரம் சீக்கிரம் உதறிப்போகும்.

ஆனால் கடைக்கு வருகிறவர் எல்லாரும் டிஸ்க் மாற்றியவர்கள் அல்லர். "பிரேக் போட்டால் இடது பக்கம் இழுக்கிறது, ஒரு வால்வு கொடுங்கள்" என்று கேட்பவர் உண்டு. இந்த வால்வு முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு பிரிப்பது. இடதுக்கும் வலதுக்கும் அல்ல. ஒரு பக்க வீல் சிலிண்டர் இறுகியிருக்கும், அல்லது ஹப் சீல் கசிந்து லைனிங்கில் எண்ணெய் ஏறியிருக்கும். "பெடல் கீழே போகிறது" என்பவருக்கும் வால்வு உதவாது. அவருக்கு வேண்டியது ஷூ அட்ஜஸ்ட்மெண்டும் ஏர் எடுப்பதும். இப்படி வருகிறவரிடம் வால்வை விற்பது, வயிற்றுவலிக்காரருக்குக் கண் சொட்டு மருந்து விற்பது போல. லாபம் என்னவோ வரும்.

இன்னொரு சங்கதி. மிகப் பழைய ஜீப்புகளில் காலடிக்குக் கீழே ஒற்றை மாஸ்டர் சிலிண்டர்தான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அந்த வண்டிக்காரர் கையில் இருக்கும் பணத்தை முதலில் முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாகப் பிரிந்த இரட்டை மாஸ்டர் சிலிண்டரில் போடட்டும். வால்வு அதற்குப் பின்.

இப்போது அந்த இரண்டு எண்களுக்கு வருவோம். காலி வண்டிக்கு என்று குமிழைச் சரிசெய்து வைத்தால், பாரம் ஏற்றும்போது பின் சக்கரங்கள் செய்யக்கூடிய வேலையில் பெரும்பகுதி வீணாகும். நிறுத்தும் தூரம் நீளும், ஓங்கி மிதிக்கும்போதெல்லாம் முன் பிரேக்கே கூடுதலாகச் சுமந்து சூடேறும். பாரவண்டிக்கு என்று வைத்தால், மலைமேல் மூட்டையை இறக்கிவிட்டுக் காலியாக இறங்கும்போது பின் சக்கரம் முதலில் பிடித்துக்கொள்ளும். மேலே போகும்போது பாரம், இறங்கும்போது காலி. நம் மளிகை ஜீப்புகளின் அன்றாடப் பாடே இதுதான். டிரைவர் ஒவ்வொரு முறையும் குமிழைத் திருகிக்கொள்வார் என்று எதிர்பார்ப்பதா? ஒரு நாள் மறப்பார். அல்லது பக்கத்தில் உட்கார்ந்தவர் விளையாட்டுக்குத் திருகுவார்.

தயாரிப்பாளர்கள் இதற்கு விடை கண்டு வெகுகாலம் ஆகிறது. சரக்கேற்றும் பிக்-அப் வண்டிகளில் பின் அச்சையும் சட்டத்தையும் ஒரு கம்பியால் இணைத்த, பாரத்துக்கேற்ப இயங்கும் வால்வு வருகிறது. பாரம் ஏறிச் சட்டம் தாழ்ந்தால் பின்னே அதிக அழுத்தம் விடும், காலியானால் குறைக்கும். பாரம் மாறி மாறி ஏற்றும் ஜீப்புக்கு எங்கள் கருத்தில் பொருத்தமானது இதுவே. கைக் குமிழ் அன்று. இதை மாட்டும் வேலை கூடுதல், கம்பியின் நீளத்தை அந்த ஜீப்புக்கேற்ப அளந்து வைக்கவேண்டும், பட்டறைக்காரர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

பிக்-அப் வைத்திருக்கும் உறுப்பினர்களும் இங்கே கவனிக்கவேண்டும். கூடுதல் மூட்டை ஏற்ற ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை அதிகம் போடுகிறோம். பட்டை கூடினால் பாரம் ஏறியும் சட்டம் தாழாது. வால்வு வண்டி காலியென்று எண்ணிக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்தே வைக்கும். அதிகப் பாரம், குறைந்த பிரேக்! பட்டை சேர்த்தவர்கள் அந்தக் கம்பியை மறுபடி சரிசெய்தார்களா என்று மெக்கானிக்கைக் கேளுங்கள்.

சவாரிக்கும் காட்டுப்பாதைக்கும் மட்டுமே ஓட்டுகிற, பாரம் அதிகம் மாறாத ஜீப்புக்குக் கைக் குமிழ் வால்வு சரிதான். மாட்டுகிறவர் அறியவேண்டியவை: மாஸ்டர் சிலிண்டரோடு ஏற்கெனவே ஒரு பங்கீட்டு வால்வு வந்திருந்தால், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கூடாது, பழையதை எடுத்துவிடவேண்டும். டிரம் கால மாஸ்டர் சிலிண்டருக்குள் 10 பி.எஸ்.ஐ. அளவு அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் சிறு வால்வு இருக்கலாம். அது டிஸ்க் பக்கம் இருந்தால் பேடு உரசிக்கொண்டே இருக்கும். அடுத்து மரை. பழைய ஜீப் குழாய் நட்டு 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. புதிய பாகங்களில் 10 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர் மரை. 3/8 அங்குலம் என்பது 9.525 மில்லிமீட்டர். அந்த நட்டு 10 மில்லிமீட்டர் துளைக்குள் தொளதொளவென்று நுழையும், இறுகினாற்போலவும் இருக்கும், ஓங்கி மிதிக்கும் நாளில் பிய்த்துக்கொண்டு வரும். கசிவை டேப் சுற்றி அடைப்பதும் ஆபத்து. ஃப்ளேர் முனை குழாயின் வாயில் அடைக்கிறது, மரையில் அல்ல.

குமிழைச் சரிசெய்வது வெறிச்சோடிய, சமமான, உலர்ந்த சாலையில், வண்டி காலியாக. பின் அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும் நிலையில் தொடங்கவேண்டும். 40 கி.மீ. வேகத்தில் ஓங்கி மிதித்து, வெளியே ஒருவர் நின்று எந்தச் சக்கரம் முதலில் பிடிக்கிறது என்று பார்க்கவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பின் சக்கரம் முந்தும் இடம் தெரிந்ததும் திரும்பக் குறைக்கவேண்டும். சரிவில் இன்னும் 42 கிலோ முன்னே போகும் என்று பார்த்தோம் அல்லவா, அதற்காக இன்னும் சற்றுக் குறைத்துக்கொள்வது நல்லது. பிறகு குமிழை கம்பியால் கட்டி முத்திரையிட்டுவிடலாம். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் இந்த வால்வை நுழைக்கவே கூடாது.

"நாம் விற்கிறோம், மாட்டுகிறவன் பொறுப்பு, கத்தி விற்கிறவன் காய் நறுக்கவா என்று கேட்கிறானா?" என்று நம்மிடையே சிலர் சொல்வதுண்டு. கத்தி வெட்டும் என்பது வாங்குகிறவருக்குத் தெரியும். இந்த வால்வு தவறாக மாட்டப்பட்டிருப்பது கடைவீதியில் ஓட்டும்போது யாருக்கும் தெரியாது. தெரிகிற இடம் கொண்டை ஊசி வளைவு. மேலும், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தயாரிப்பாளர் தரும் எச்சரிக்கையையும் பயன்படுத்தும் முறையையும் வாங்குபவரிடம் சேர்க்காமல் விட்டு, அதனால் தீங்கு நேர்ந்தால் விற்றவரும் பொறுப்பாளி. அட்டைப்பெட்டிக்குள் இருந்த தாளைக் குப்பையில் போட்டுவிட்டு வால்வை மட்டும் கொடுப்பவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

வண்டிக்காரர்களுக்கும் சட்டம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ரூ. 5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று சேர்த்தார்கள். டிரம்மை டிஸ்க்காக்கியது இதில் அடங்கும் என்று அதிகாரியோ இன்சூரன்ஸ் சர்வேயரோ சொன்னால், மறுத்துப் பேச நம் கையில் வலுவான வாதம் இல்லை. ஆகவே பாரம் ஏற்றும் ஜீப்புக்கு எங்கள் யோசனை: நான்கு டிரம்மையும் ஒழுங்காகப் புதுப்பித்து, நல்ல லைனிங் போட்டு, இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். செலவும் குறைவு.

விற்பவர்களுக்கு ஒரு கோரிக்கை. வண்டி எது, முன்னே டிஸ்க்கா டிரம்மா, மாஸ்டர் சிலிண்டர் எது, பாரம் ஏற்றுவதுண்டா என்ற நான்கையும் கேட்டு, பதிலை பில்லின் பின்புறமே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். இணையத்தில் யாரும் கேட்காமலே கிடைக்கிறதே, வாடிக்கையாளர் அங்கே போய்விடுவாரே என்பார்கள். போகிறவர் போகட்டும், ஆனால் மரை பொருந்தவில்லை என்று திரும்ப நம் கடைக்குத்தான் நட்டு வாங்க வருவார், அப்போதும் அந்த நான்கு கேள்விகளைக் கேட்கலாம். தயாரிப்பாளர் பெயரும் அழுத்த அளவும் பொறிக்காத நகல் சரக்கு இருப்பில் உள்ள உறுப்பினர்கள் அதைத் தனியே எடுத்துவைத்து, சப்ளையருக்குத் திருப்பி அனுப்பிப் பணத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கிறவர்களின் விவரத்தை சங்கத்தில் எழுத்துமூலம் கொடுத்தால், அடுத்த செயற்குழுவில் உதிரிபாக வணிகர்கள் அனைவரும் சேர்ந்தே பேசலாம்.