பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம், கணிப்பொறிக்கு?

'பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை' என்பது பழமொழி. நல்ல பொருள் தன்னைத் தானே விற்றுக்கொள்ளும் என்பது அதன் கருத்து. ஆனால் நம் புதுவைப் பெரிய மார்க்கெட்டில் ஒரு காலை வேளை நடந்து பாருங்கள். பூக்காரர்களே வாய் மூடி இருப்பதில்லை. முழம் என்ன விலை என்று கூவிக்கொண்டேதான் இருக்கிறார்கள். மீன் விற்கும் அம்மா செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டுகிறார். பலாப்பழக்காரர் ஒரு சுளையைக் கையில் கொடுத்துத் தின்று பார்க்கச் சொல்கிறார். மணக்கும் பூவுக்கே இத்தனை குரல் வேண்டுமென்றால், மணமும் சுவையும் இல்லாத, பெயரும் பரவாத ஒரு கணிப்பொறிக்கு எவ்வளவு வேண்டும்! விளம்பரம் என்றாலே ஏமாற்று என்று முகம் சுளிப்போர் உண்டு. அறியப்படாத பொருளைச் செய்தவனுக்கு நேர்மையான விளம்பரம் ஒரு கடமை என்பதே என் கருத்து.

வீட்டுக் கணிப்பொறிகள் பரவத் தொடங்கிய காலத்து இங்கிலாந்தைப் பார்ப்போம். 1982இல் சின்க்ளேர் நிறுவனத்தின் 'ஸ்பெக்ட்ரம்' 125 பவுனுக்கு வந்தது. பத்திரிகை விளம்பரத்திலேயே விலையும் இருந்தது. வெட்டி அனுப்ப ஒரு படிவமும் இருந்தது. அதே ஆண்டில், ஸ்பெக்ட்ரம் உருவாக்கத்தில் பணியாற்றிய இருவர் 'ஜூபிடர் ஏஸ்' என்னும் பொறியை 89.95 பவுனுக்குக் கொண்டுவந்தனர். மற்றவை 'பேசிக்' மொழியில் இயங்க, இது 'ஃபோர்த்' என்னும் விரைவான மொழியில் இயங்கியது. விவரம் அறிந்தோர் மெச்சினர். ஆனால் முதன்முறை வாங்க வந்த குடும்பத்துக்கு அந்த மொழியால் என்ன பயன் என்று விளக்குவது எளிதாயில்லை. ஏஸ் இன்று சேகரிப்பவர்களிடம் மட்டுமே இருக்கிறது.

நம் நாட்டில் இதனினும் பெரிய பாடம் ஒன்று உண்டு. 1999இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் ஓர் அறக்கட்டளை அமைத்து, 'சிம்ப்யூட்டர்' என்னும் கையடக்கக் கணிப்பொறியை உருவாக்கினர். எழுத்தறியாதவரும் திரையைத் தொட்டுப் பயன்படுத்தலாம். இந்திய மொழி எழுத்துகளை அது வாய்விட்டுப் படிக்கும். ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு இருந்தால் ஓர் ஊரே ஒரு கருவியைப் பகிர்ந்துகொள்ளலாம். 2001ஆம் ஆண்டின் மிக முக்கியமான கணிப்பொறிப் புதுமை இதுவே என்று 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் எழுத்தாளர் புரூஸ் ஸ்டெர்லிங் பாராட்டினார். 2004இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் துணையோடு 'அமிடா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தபோது, விலை ஏறத்தாழ 10,000 ரூபாயில் தொடங்கியது. ஐம்பதாயிரம் விற்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், ஓராண்டில் விற்றவை ஏறத்தாழ 4,000தான்.

ஏன்? செய்தி வேறு, விளம்பரம் வேறு. 'இப்படி ஓர் அற்புதம்' என்று சொல்வது செய்தி. 'உனக்கு இது எதற்கு, எவ்வளவு, எங்கே கிடைக்கும், கெட்டுப்போனால் யார் பார்ப்பார்?' என்பதற்குப் பதில் சொல்வது விளம்பரம். சிம்ப்யூட்டரைப் பற்றிப் படித்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்பட்ட கிராமத்தாருக்கு அதன் பெயரே எட்டவில்லை.

2003இல் ரிலையன்ஸ் நிறுவனம் 501 ரூபாய் கட்டினால் கையில் செல்போன் என்று நாடெங்கும் விளம்பரம் செய்ததை இதனோடு ஒப்பிடுங்கள். அந்த எண் தெருத்தெருவாகப் போய்ச் சேர்ந்தது. மீதியைத் தவணையில் கட்ட வேண்டும் என்பதும் அதே வேகத்தில் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி.

மறுபக்கமும் உண்டு. 2011 அக்டோபர் 5ஆம் நாள் புதுதில்லியில் 'ஆகாஷ்' பலகைக் கணிப்பொறி வெளியிடப்பட்டது. உலகிலேயே மலிவானது என்ற முழக்கம் எங்கும் ஒலித்தது. ஆனால் கையில் வாங்கியவர்கள் அதன் தொடுதிரையையும் மின்கலத்தையும் குறை சொன்னார்கள். முழக்கம் முன்னே போய், சரக்கு பின்தங்கியது. சிம்ப்யூட்டருக்குக் குரல் இல்லை. ஆகாஷுக்குக் குரலுக்கேற்ற சரக்கு இல்லை.

'சிம்ப்யூட்டர் தோற்றது விலையால். விளம்பரம் என்ன செய்திருக்கும்?' என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. பத்தாயிரம் ரூபாய் அந்நாளில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு எட்டாத தொகை. ஆனால் உண்மையான விளம்பரம் எழுத உட்கார்ந்தவன் முதலில் 'யார் வாங்கப் போகிறார்?' என்று தன்னையே கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியை எவ்வளவு முன்னதாகக் கேட்கிறோமோ, விலையையும் விற்கும் வழியையும் திருத்த அவ்வளவு காலம் கிடைக்கும்.

இதை நான் இத்தனை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் தாயார் பெரிய மார்க்கெட்டில் பூ விற்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சென்ற ஆண்டு சீட்டுப் பணத்தில் எனக்கொரு பழைய மடிக்கணினி வாங்கப் போனோம். கடை வாசலில் பெரிய தட்டி. அதில் செயலியின் எண், நினைவகத்தின் அளவு, சிரிக்கும் முகம் ஒன்று, அத்தனையும் ஆங்கிலத்தில். அம்மா கேட்டது மூன்றே கேள்விகள்: "இது உன் படிப்புக்கு எதுக்கு ஒதவும்? மொத்தம் எவ்ளோ ஆவும்? கெட்டுப்போனா யாரு பாப்பாங்க?" தட்டி ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவரை அழைத்துப் போய்த்தான் வாங்கினோம். படித்தவர் இருக்கும் வீட்டில் விளம்பரத்தைக் கேலி செய்துவிட்டு உறவினரைக் கேட்டுக்கொள்ளலாம். எங்களைப் போன்ற வீடுகளுக்கு அந்தத் தட்டிதானே ஆலோசகர்? அது பொய் சொன்னாலும் நட்டம். பேசாமல் இருந்தாலும் நட்டம்.

பொய்க்குச் சட்டம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. விளங்காத விளம்பரத்தைத் திருத்துவதோ நம் போன்றோர் கையில்தான் இருக்கிறது.

அறிவியல் மாணவர்களாகிய நாம் செய்முறை ஏட்டில் நோக்கம், கருவி, முடிவு என்று வரிசையாக எழுதப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தை வெளியிலும் காட்டலாமே! நம் கணிப்பொறித் துறையும் தமிழ்த் துறையும் கைகோத்து, ஒரு குடும்பம் கணிப்பொறி வாங்குமுன் கேட்க வேண்டியவற்றை எளிய தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களின் பெற்றோர் கையில் கொடுக்கலாம். நாளை நம்மில் ஒருவர் ஒரு கருவியைப் படைக்கும்போதும், அந்தக் கேள்விகளுக்குத் தமிழில் பதில் எழுதிவிட்டே கடைக்கு அனுப்பட்டும். பேராசிரியப் பெருமக்கள் இதை வரும் கல்வியாண்டிலேயே தொடங்கி வைக்க வேண்டும் என்று பணிவுடன் வேண்டுகிறேன்.