குவிந்த கழிவு முதலில், தோட்ட மண் பிறகு

காங்கேசன்துறையில் சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த பள்ளங்களை நாம் அறிவோம். தொழிற்சாலை 1990இல் நின்றது. பள்ளங்கள் மீண்டும் தோட்டமாகவில்லை.

வீடு மீளக் கட்டச் சீமெந்து வேண்டும்தான். அதற்காக இன்னுமொரு தோட்டத்தைத் தோண்டத்தான் வேண்டுமா?

அகழ்விடங்களில் கழிவென ஒதுக்கும் வெண்களிமண்ணை ஏறத்தாழ 800 பாகை செல்சியசில் சுட்டு, தரங்குறைந்த சுண்ணக்கல்லுடன் அரைத்துச் சேர்க்கலாம். அப்போது 1450 பாகையில் எரித்தெடுக்கும் கிளிங்கர் பாதியளவே போதும். காபனீரொட்சைட்டும் 40 வீதம் வரை குறையும். கியூபாவிலும் இந்தியாவிலும் இச்சீமெந்தால் வீடே கட்டிக் காட்டியுள்ளனர்.

எனவே, புதிய நிலம் கேட்டு வருவோரிடம் எமது கமக்காரர் சங்கங்கள் முதலில் ஒன்றைக் கேட்கட்டும்: குவிந்துள்ள கழிவை என்ன செய்தீர்கள்? விடை வந்த பின்னரே நிலத்தைப் பற்றிப் பேசலாம். அள்ளிய மண் திரும்பி வராது.