புளியந்தோப்பு புகட்டும் பாடம்!

வடசென்னை என்றாலே பலருக்கு ரவுடியும் அரிவாளும்தான் நினைவுக்கு வருகின்றன. முகவரியில் புளியந்தோப்பு என்று இருந்தால், வேலை கேட்டு வரும் இளைஞனை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அந்த மண்ணின் உண்மை வரலாறு என்ன?

புளியந்தோப்பு, பெரம்பூர், பட்டாளம் பகுதிகளை உழைப்பாளர் பூமியாக்கியவை பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகள். அந்த ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உதயமானது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்ற பெருமை அதற்கு உண்டு. வாடியா தலைவர். திரு.வி.க. துணைத் தலைவர். ஆனால், அதற்கு வித்திட்டவர்கள் இரண்டு வியாபாரிகள்! பெரம்பூரில் கடை நடத்திய செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும், தங்களிடம் வந்த தொழிலாளிகளின் வேதனையைக் காது கொடுத்துக் கேட்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை, களத்தில் இறங்கினார்கள்.

1921-இல் மாபெரும் வேலைநிறுத்தம். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் உறுதியாக நின்றனர். முந்தைய ஆண்டின் கதவடைப்பில் பட்டினியால் வாடிய ஆதிதிராவிடர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். சேரியில் தீண்டாமை, ஆலை வாசலில் மட்டும் ஒற்றுமையா? அவர்கள் மனதில் இந்தக் கேள்வி எழாமலா இருந்திருக்கும்? ஆனால், அவர்களது பசியை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் அவர்களது குடிசைகள் எரிந்தன. மோதல்கள் தொடர்ந்தன. போலீஸ் துப்பாக்கிகள் வெடித்தன, உயிர்கள் பலியாயின. அக்டோபரில் போராட்டம் தோல்வியில் முடிந்தது.

வென்றது யார்? இந்துவா? முஸ்லிமா? ஆதிதிராவிடரா? மூவருமில்லை, வெள்ளைக்கார முதலாளி!

வேலைநிறுத்தத்தில் உறுதியாக நின்ற நம் முன்னோர்களை எண்ணிப் பெருமைப்படலாம். பக்கத்துக் குடிசை எரிந்ததை எண்ணிப் பெருமைப்பட முடியாது. கசப்பானாலும் இதைச் சொல்லியாக வேண்டும்.

1996-இல் ஆலை மூடப்பட்டது. சங்கொலி ஓய்ந்தது. உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே அடுத்தடுத்த சந்துகளில் வாழ்கிறார்கள்.

வியாபாரப் பெருமக்களே! வேலை கேட்டு வரும் இளைஞனின் முகவரியைப் பார்க்காதீர்கள்; அவனது உழைப்பைப் பாருங்கள். இளைஞர்களே! பக்கத்துத் தெருவைப் பற்றி வதந்தி வந்தால் அதைப் பரப்பாதீர்கள். நேரில் போய் விசாரியுங்கள். அண்டை வீட்டுக்காரனின் பசியை அறியாதவன் கேட்கும் ஒற்றுமை, ஆபத்து நேரத்தில் கை கொடுக்காது. புளியந்தோப்பு நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்!