பிரேத விசாரணையும் குடும்பத்தாரும்

விபத்தினாலோ, தற்கொலையினாலோ, காரணம் விளங்காமலோ ஒருவர் மாண்டால், அவருடைய உடல் அந்தக் கணமே குடும்பத்தார் கையைவிட்டுச் சர்க்கார் கைக்குப் போய்விடுகிறது. அறுத்துச் சோதிக்கலாமா என்று வீட்டாரை எவரும் கேட்பதில்லை. கேட்கவேண்டியதில்லை என்பதே சட்டம். இதை நாம் குறைகூறவில்லை. கொலையை மறைக்க விரும்புவோர் வீட்டுக்குள்ளேயே இருக்கக்கூடும். மணமான ஏழாண்டுக்குள் மாண்ட பெண்கள் விஷயத்தில் நாடு இதை நன்கறியும். ஆனால் சம்மதமின்றி உடலை எடுத்துக்கொள்ளும் சர்க்கார், அதற்குக் கணக்குச் சொல்லவும் கடமைப்பட்டதல்லவா?

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 194-வது பிரிவு, பழைய சட்டத்தின் 174-வது பிரிவையே பெரும்பாலும் ஒட்டியது. போலீஸ் அதிகாரி, அக்கம்பக்கத்து மதிப்புடையோர் இருவருக்குக் குறையாமல் அருகே வைத்துக்கொண்டு, உடலில் கண்ட காயங்களை எழுதி, 24 மணி நேரத்துக்குள் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். பஞ்சாயத்தார் எனப்படும் இந்தச் சாட்சிகள் எழுதியதை வாசித்தா கையெழுத்திடுகிறார்கள்? உடல் சீக்கிரம் கிடைக்கவேண்டும் என்ற ஒரே தவிப்பில், அழுது சோர்ந்த தகப்பன் நீட்டிய காகிதத்திலெல்லாம் பெயரை எழுதிவிடுகிறான். பிறகு சந்தேகம் எழுந்து அவன் வழக்காட வந்தால், அந்தக் காகிதமே அவனுக்கு எதிரே வந்து நிற்கிறது.

டாக்டரின் சர்டிபிகேட்டோ இங்கிலீஷில் இருக்கிறது. 1956-லேயே தமிழை ஆட்சிமொழியாகச் சட்டம் செய்த ராஜ்யத்தில், பெற்ற மகன் எதனால் மாண்டான் என்பதை அறிய ஒரு தாய் வக்கீல் குமாஸ்தாவைத் தேடிப்போக வேண்டியிருப்பது வெட்கக்கேடு. உள்ளுறுப்புகளை இரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டால், முடிவு பின்னர் தெரிவிக்கப்படும் என்ற ஒரு வரியோடு குடும்பம் காத்துக்கிடக்கிறது; இன்ஷூரன்ஸ் பணமும் அதனோடு கிடக்கிறது. அந்தப் 'பின்னர்' எப்பொழுது என்று சொல்வாரில்லை.

அஸ்தமனத்துக்குப் பின் பரிசோதனை இல்லை என்ற பழைய வழக்கத்தை, தக்க வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் தளர்த்தலாம் என்று மத்திய சர்க்கார் 2021 நவம்பரில் உத்தரவிட்டது. நல்லதே. ஆனால் கொலை, தற்கொலை போன்றவற்றுக்கு அச்சலுகை பொதுவாக இல்லை.

போலீஸ் காவலில் நேரும் மரணத்துக்குச் சட்டம் வேறு வழி வகுத்திருக்கிறது. 196-வது பிரிவின்படி மாஜிஸ்திரேட்டே விசாரிக்க வேண்டும். கூடுமான இடத்தில் உறவினருக்குத் தகவல் தந்து, விசாரணையில் உடனிருக்கவும் இடமளிக்க வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீஸார் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் மாண்ட விஷயத்தில், மாஜிஸ்திரேட் ஸ்டேஷனுக்கே நேரில் சென்றதும், ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை கண்காணித்ததும் இல்லாவிட்டால் உண்மை எவ்வளவு வெளிவந்திருக்கும்? அவ்வாண்டு டிசம்பரில் அதே மதுரைக் கிளை, காவல் மரணங்களில் குடும்பத்தார் உடலைப் பார்த்த பிறகே பரிசோதனை தொடங்கவேண்டும், அது வீடியோவில் பதிவாகவேண்டும், அறிக்கை அவர்களுக்கும் தரப்படவேண்டும் என்று வழிகாட்டியது.

இவ்வுரிமைகள் காவல் மரணங்களோடு நிற்பானேன்? ஆலையில் மாண்ட தொழிலாளியின் மனைவிக்கும், சாலையில் மாண்ட மாணவனின் தகப்பனுக்கும் இவை வேண்டாமா? பரிசோதனைக்கு முன் உடலைக் காட்டுவதும், தமிழில் எழுதிய அறிக்கையைக் கட்டணமின்றி வீட்டாரிடம் கொடுப்பதும், இரசாயன முடிவுக்குத் தவணை குறிப்பதும் சர்க்கார் ஓர் உத்தரவிலேயே செய்துவிடக்கூடிய காரியங்கள். அது வரும்வரையில், எழுதப் படிக்கத் தெரிந்த நம் ஊழியர்கள் ஆஸ்பத்திரிப் பிணவறைக்குத் துணைபோகட்டும். கையெழுத்திடுமுன் காகிதத்தை அந்தக் குடும்பத்தாருக்கு உரக்கப் படித்துக் காட்டட்டும்.