போட்டோவை எடுக்கச் சொல்வது தீர்வில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோரும் ஆசிரியர்களும் கடைசிவரை வாசியுங்கள்.

போன தவணை எங்கள் பாடசாலையில் மாணவர் பாராளுமன்றத் தேர்தல். தரம் 10 பிள்ளை ஒருத்தி போட்டியிட வந்தாள். லயத்திலிருந்து வருகிறவள். தாளைப் பார்க்காமல் மேடையில் பேசுவாள். இரண்டு நாளில் வகுப்பு வட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்தது. யாரோ ஒரு பையனோடு அவள் கைகோத்து நிற்பது போல ஏஐ செயலியில் செய்தது. மூன்றாம் நாள் பெயரை வாபஸ் வாங்கிவிட்டாள்.

நாங்கள் என்ன செய்தோம்? செய்தவனைத் தேடவில்லை. பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டு, "புரொபைல் போட்டோவை எடுத்துவிடுங்கள்" என்றோம். பிறகுதான் தெரிந்தது, அந்த முகம் வெட்டப்பட்டது இல்ல விளையாட்டுப் போட்டியன்று பாடசாலைப் பக்கத்தில் நாங்களே போட்ட படத்திலிருந்து!

இது ஒரு பாடசாலையின் கதை மட்டுமில்லை. 2018 இல் இந்தியாவில் ஊடகவியலாளர் ரானா அய்யூபின் முகத்தை ஆபாச வீடியோவில் ஒட்டிப் பரப்பினார்கள். அதன் பிறகு கருத்துச் சொல்லவே தயங்கியதாக அவரே எழுதினார். 2022 இல் வட அயர்லாந்தில் காரா ஹண்டர் என்ற வேட்பாளருக்கும் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன் இதே கதி. அவர் விலகவில்லை, 14 வாக்குகளால் வென்றார். இப்படிப் படம் செய்கிறவனுக்கு வேண்டியது ஒன்றுதான்: அவள் வாய் மூட வேண்டும்.

மெய்நிகர் உலகத்திலும் அப்படித்தான். மெட்டாவின் விஆர் தளத்தில் பெண்கள் தொல்லை பற்றி முறைப்பாடு செய்தார்கள். 2022 பெப்ரவரியில் கம்பனி, உருவங்களுக்கிடையே நாலடி இடைவெளி வைத்தது. வேலி நல்லதுதான். ஆனால் வேலி மட்டும் போட்டால் தொல்லை கொடுத்தவன் வெளியே சுதந்திரமாகத்தானே திரிகிறான்? "போட்டோவை எடு" என்று நாங்கள் சொன்னதும் இதே வேலிதான்.

நம் மலையகத்தைப் பாருங்கள். கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். தோட்டத் தலைவர் யார்? அநேகமாக ஆண். உள்ளூராட்சி சபைகளில் 25 சதவீதம் பெண்களுக்கு என்று சட்டம் வந்து 2018 இல் முதல் தேர்தல் நடந்தது. அப்போதும் "பெண்கள் முன்வருவதில்லை" என்றார்கள். நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் போக 2024 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முன்வந்த ஒரு பிள்ளையை ஒரு படத்துக்காகப் பின்னால் அனுப்பிவிட்டு, பெண்கள் முன்வருவதில்லை என்று சொல்ல நமக்கு என்ன தகுதி?

நம் சமூகத்துக்கு இன்னொரு வார்த்தை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரவியபோது இறங்கிய ஸூரத்துந் நூர் யாரைக் கண்டித்தது? அவர்களையா? இல்லை. நாவுக்கு நாவு அதைக் கடத்தியவர்களை. ஒரு பெண்ணின் மானத்தைப் பேச நான்கு சாட்சி கேட்கிற மார்க்கம் நம்முடையது. நாமோ ஒரு போர்வர்டை நம்புகிறோம். அன்று நாவு, இன்று விரல். கணக்கு ஒன்றுதான்.

"ஆம்பிளைப் பிள்ளைகள் விளையாட்டுக்குச் செய்வது" என்பார்கள். அந்த விளையாட்டில் அவள் தேர்தலையே இழந்துவிட்டாள், அவனுக்கு என்ன போனது?

ஆகவே, படம் வந்தால் ஷெயார் பண்ணாதீர்கள். ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்து, பிள்ளையின் பக்கம் நில்லுங்கள். 1938 பெண்கள் உதவி இலக்கம் இருக்கிறது, பொலிஸில் கணினிக் குற்றப் பிரிவு இருக்கிறது. மகளின் போனைப் பார்க்கிற வாப்பாமார் மகனின் போனையும் பாருங்கள்.

அந்தப் பிள்ளையிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அடுத்த தேர்தலில் நிற்பாயா என்றும் கேட்டோம். "நின்றால் நீங்கள் கூட நிற்பீர்களா டீச்சர்?" என்றாள்.

நிற்போம். இன்ஷா அல்லாஹ். நீங்கள்?